மேசையைச் சுற்றி ஆறு பேர்

அட்டையில் ஒட்டிய பழைய படத்தில் பிணத்தின் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் திறந்தபோது அது கூரையைப் பார்த்துக் கிடந்தது.

நதியா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். காலையிலிருந்து கல்யாண ஆல்பம் பார்த்த கண் களைத்திருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். அவள் வேலை பார்க்கும் வேலம்பாளையத்து போட்டோ ஸ்டுடியோவுக்கு வெளியே மத்தியான மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பக்கத்துப் பனியன் கம்பெனியின் தையல் மிஷின் இரைச்சல் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது, கூடவே ஈரத்தில் கிளம்பிய சாயத்தண்ணீர் வாடையும்.

படம் நூறு வருஷத்துக்கு முந்தியது. மெட்ராஸில் டாக்டருக்குப் படித்த ஆறு பேர், கோட்டும் தலைப்பாகையுமாக, அறுத்துப் படிக்கக் கொடுத்த பிணத்தை மேசையில் கிடத்திச் சுற்றி நிற்கிறார்கள். அப்படிப் படமெடுத்துக்கொள்வது அந்தக் காலத்தில் பெருமையாம். நல்ல பெருமை! ஆறு பேருக்கும் அடியில் மையால் பெயர் எழுதியிருந்தது. படுத்திருந்தவருக்கு எழுதவில்லை.

படத்தைக் கொண்டுவந்த பனியன் கம்பெனி முதலாளி தனபால் எதிர் நாற்காலியில் காத்திருந்தார்.

"நடுவுல நிக்கறது எங்கம்மாவப் பெத்த அப்புச்சியோட அப்பனுங்க கண்ணு. பொணத்தை மட்டும் எடுத்துரு. புதுக் கட்டடத்துல மாட்டோணும்."

"சரிங்கய்யா."

காலிலிருந்து அழித்துக்கொண்டு வந்தாள். பாதம் போனது, மூடியிருந்த துணியில் பாதி போனது. கையை அழிப்பதற்காகப் பெரிதாக்கினாள். நகங்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன.

 இரண்டு வருஷத்துக்கு முன்னால், காணாமல் போன அப்பாவைத் தேடி ஆஸ்பத்திரிப் பிணவறையில் நின்றபோதும் இப்படித்தான் அங்கே கிடந்த ஒரு உடம்பின் நகத்தைப் பார்த்தாள். முகம் உப்பிப்போய் அடையாளமே தெரியவில்லை. அப்பா ராக்கையா பதினைந்து வருஷம் சாயப்பட்டறையில் கிடந்தவர். சோறு பிசையும்போதும் நகம் நீலமாக இருக்கும். அங்கே கிடந்தவரின் நகம் வெள்ளை. "தெரிஞ்சவரா?" என்று போலீஸ்காரர் கேட்டதற்கு, இல்லை என்று சொல்லிவிட்டுச் சந்தோஷமாக அம்மாவுக்குப் பூ வாங்கிக்கொண்டு போனாள்.

கடைசி மாதம் அவரைத் துணி வெளுக்கும் பிளீச்சிங்குக்கு மாற்றியிருந்தார்கள், அதில் சாயமெல்லாம் வெளுத்துவிடும் என்று கூட வேலை செய்தவர் சொன்னபோது காலம் கடந்துவிட்டது. கேட்பாரற்ற உடம்பென்று மெடிக்கல் காலேஜ் பிள்ளைகள் படிக்கக் கொடுத்துவிட்டார்களாம். பாவி, அதை அவள் அம்மாவிடம் சொல்லவேயில்லை. அம்மா இன்றைக்கும் பூ வைத்துக்கொண்டு, கதவைத் தாழிடாமல் படுக்கிறாள்.

நிமிர்ந்து திரையைப் பார்த்தாள்.

அழித்த பாதமும் துணியும் மறுபடி இருந்தன. முகம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. உப்பிய முகம்.

தையல் மிஷின் சத்தம் எப்போது நின்றதோ தெரியவில்லை. மழையும் கேட்கவில்லை. மூக்கில் பிளீச்சிங் நெடி. கண் எரிந்தது.

அந்த முகத்தின் வீக்கம் மெல்ல வடிந்தது. கன்னம் ஒட்டியது. மீசை தெரிந்தது.

"என்ன கண்ணு, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்டே?" தனபால் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். "யாராச்சும் தெரிஞ்சவங்களா?"

அம்மாவின் தலையில் இருந்த பூ நினைவுக்கு வந்தது.  இந்தத் தடவை இல்லையென்று சொல்ல அவளால் முடியவில்லை.

"எங்கப்பா," என்றாள். "ராக்கையா. எங்கப்பாங்கய்யா."

திரையில் ஆறு பேரும் அசைந்தார்கள். சாவு வீட்டில் சொந்தக்காரர் வந்தால் வழிவிடுவார்களே, அப்படி இரண்டு பக்கமும் விலகினார்கள். நடுவில் நின்றவர் தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டார்.

திரையைப் பார்த்த தனபாலின் சிரிப்பு பாதியில் நின்றது.

துணி தானாகச் சரிந்தது. உடம்பு நெஞ்சிலிருந்து அடிவயிறு வரை திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. சுத்தமாக வழித்தெடுத்திருந்தார்கள். அப்பாவின் உதடு மட்டும் அவளைப் பார்த்து அசைந்துகொண்டேயிருந்தது.