வெந்நீர் மட்டும்

சுவர் சுட்டது.

கல்பனா சாய்ந்திருந்த முதுகை எடுத்துவிட்டு உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சுவரோடு ஓடிய இரும்புக் குழாய் சூடாக இருந்தது. இருக்கக் கூடாது. விடியற்காலையில் மாமனார் அர்ச்சுனன் போய்ச் சேர்ந்ததிலிருந்து இந்த வீட்டில் விறகு எரியவில்லை. சாவு வீட்டில், உடலை எடுக்கும்வரை அடுப்பு மூட்ட மாட்டார்கள்.

மழை விடவில்லை. சாயங்காலமே இருட்டிக்கொண்டு வந்தது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவரைப் புரட்டி, துடைத்து, ஊட்டி, அவளுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. அழக்கூடத் தெம்பில்லை.

அர்ச்சுனன் குளிர் தாங்காதவர். மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், பின்கட்டில் விறகு பாய்லர் வைத்து, அதன் சுடுதண்ணீர் தன் அறையைச் சுற்றி ஓடும்படி குழாய் போட்டுக்கொண்டார். விறகு எரிக்காத நாட்களில் குளிப்பதற்கு ஒரு கேஸ் ஹீட்டர். குழாயைத் திறந்தால் தானே பற்றிக்கொள்ளும். அப்போது அறைக்குப் போகும் வால்வை மூடிவிட வேண்டும். மறந்தால் அந்தச் சூடும் அறைக்கே போய்விடும்.

காலையில் உடலைத் துடைக்க வெந்நீர் பிடித்தபோது அவள் மறந்திருந்தாள்.

"காந்தாக்கா, வால்வ மூடாம வுட்டுட்டேன். ரூமே சூடாயிட்ச்சி."

பக்கத்து வீட்டுக் காந்தா ஊதுவத்தியை மாற்றிக்கொண்டே திரும்பினாள். "போய் மூடு. அப்டியே மேலுக்கு ரெண்டு சொம்பு ஊத்திக்கோ. ஒன் மூஞ்சியப் பாத்தா வர்றவங்க யாருக்கு மாலை போடறதுன்னு கேப்பாங்க."

"அடுப்பு எரியக் கூடாது, கேஸ் மட்டும் எரியலாமா?"

"கேஸுக்கு இன்னாடி தெரியும், சாவு வூடா கல்யாண வூடான்னு? போ. நான் மாட்டக் கறந்துட்டு, எல்லாருக்கும் டீ போட்டு எடுத்தாறேன்."

காந்தா போன சற்று நேரத்தில் கல்பனாவின் கணவன் தங்கவேல் போன் செய்தான். ஐஸ் பெட்டி எடுத்துவர மலையிறங்கிப் போயிருந்தான்.

"ரோட்ல மரம் வுழுந்து கெடக்குது. வண்டி ஏறல. ஜன்னல்லாம் தொறந்து வெய்யி. நிவேதா ப்ளேன் ஏறிட்டா, காலைல வந்துருவா. தங்கச்சிக்கு அப்பா மூஞ்ச நல்லபடியா காட்டணும், கல்பனா."

"சரிங்க."

ஜன்னல்களைத் திறந்தாள். வால்வை இறுக மூடினாள். குளியலறைக் குழாயைத் திருகியதும் வாளியில் ஆவி பறக்க வெந்நீர் கொட்டியது. முதல் சொம்பு தலையில் இறங்கி, கழுத்தில் வழிந்து, கட்டை மாதிரி இறுகிப்போன தோளையும் முதுகையும் ஒவ்வொரு நரம்பாக அவிழ்த்துக்கொண்டு போனபோது, டெட்டால் வாடையும் மூத்திர வாடையும் ராத்திரிகளும் அதோடு சேர்ந்து ஓடிப் போவதுபோல் இருந்தது. தண்ணீரில் லேசாக ஒரு வாசனை. விபூதியா, தைலமா? யோசிக்க முடியவில்லை. இன்னொரு சொம்பு. இன்னொன்று. கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினாள்.

துணி மாற்றிக்கொண்டிருக்கும்போது மறுபடியும் போன். காந்தா.

"குளிக்கப் போயிட்டியா இன்னா? இரு, இரு. ஒங்க சிலிண்டர எங்க வூட்டுக்காரர் மத்தியானமே தூக்கினு வந்துட்டாராம். எங்களுது தீந்துபோச்சில்ல, டீ போடத்தான். எங்கிட்ட இப்பத்தான் சொல்றாரு, மனுசன்! பச்சத் தண்ணிய ஊத்திக்காதடி, நான் வெந்நி எடுத்தாறேன்."

கல்பனா போனைக் கீழே வைத்தாள்.

பின்கட்டுக்குப் போனாள். சிலிண்டர் இருந்த இடத்தில் வட்டமாகத் துருக்கறை. ரப்பர் குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. பாய்லரின் கதவைத் திறந்து சாம்பலுக்குள் கையை விட்டாள்.

சில்லென்றிருந்தது.

வால்வு மூடித்தான் இருந்தது. பாய்லரிலிருந்து அறைக்குப் போகும் குழாயைத் தொட்டாள். ஐஸ். அறையிலிருந்து குளியலறைப் பக்கம் திரும்பி வரும் குழாயைத் தொட்டாள்.

சுட்ட கையை உதறினாள்.

குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தம். மெதுவாக. விட்டு விட்டு. மூச்சு வாங்குகிற மாதிரி.

ஓடிவிடலாம். காந்தா வீடு கூப்பிடு தூரம்தான். ஆனால் இந்தச் சூட்டில் மாமனார் உடம்பு கெட்டுவிடுமே. காலையில் நிவேதா வந்து கேட்பாளே. கல்பனா சுவரைத் தொடாமல் நடந்தாள். அறைக் கதவின் கீழிருந்து ஆவி வந்தது. தள்ளினாள்.

ஜன்னல்கள் திறந்தே இருந்தன. சாரல் உள்ளே அடித்தது. கட்டிலில் விழுந்த துளி ஒவ்வொன்றும் புகைந்தது. வாய்க்கட்டு அவிழவில்லை. கண்கள் மூடியே இருந்தன. ஒரு கை மட்டும் கட்டிலை விட்டு நீண்டு குழாயைப் பற்றியிருந்தது. விரல் நுனியிலிருந்து முழங்கை வரை ரத்தச் சிவப்பு. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. ஒரு முத்து உருண்டு, காதோரம் வழிந்து, தலையணையில் சொட்டியது.

கல்பனாவின் தோளில் வழிந்த வெந்நீர் இன்னும் ஆறவில்லை. சூடு ஏறிக்கொண்டிருந்தது.