காலுறைத் திருடனின் படம்

எங்கள் பூனையின் பெயர் கரிக்கட்டை. பெயரிலேயே தெரிந்திருக்கும், அழகுப் போட்டிக்கு அனுப்பும் ரகம் அல்ல. வால் நுனியில் ஒரு கோணல். இடது காதில் ஒரு துண்டு ஏதோ சண்டையில் போய்விட்டது. போதாக்குறைக்குத் திருட்டுப் பழக்கம் வேறு. யார் காலுறையைக் கழற்றினாலும், ஜோடியில் ஒன்றை மட்டும் கவ்விக்கொண்டு ஓடிவிடும்.

அந்தக் கரிக்கட்டையைச் சனிக்கிழமை காலையிலிருந்து காணவில்லை.

கட்டிலடி, அலமாரி, மாடிப்படி எல்லாம் தேடிவிட்டோம். எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அறிவிப்பு ஒட்டலாம் என்றால் உருப்படியாக ஒரு புகைப்படம்கூட இல்லை. எல்லாவற்றிலும் அது ஓடுகிற கறுப்பு மூட்டைதான்.

அண்ணன் கணினியைத் திறந்தான். செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் பத்து நொடியில் வரைந்து தருமாம். ‘கறுப்புப் பூனை, பச்சைக் கண்’ என்று தட்டினான். வந்தது பாருங்கள் ஒரு படம்! நான் கைதட்டியே விட்டேன். பிறகுதான் கவனித்தேன்.

“வால் நேரா இருக்கே? காதும் முழுசா இருக்கு.”

“கோணலை எல்லாம் எதுக்குப் போடணும்? அழகா இருந்தாத்தான் நாலு பேர் நின்னு பார்ப்பாங்க.”

அவன் ஒன்பதாம் வகுப்பு. நான் நான்காம் வகுப்பு. சரி என்று பசை டப்பாவை எடுத்துவந்தேன்.

இருபது பிரதி எடுத்துத் தெருவெல்லாம் ஒட்டினோம். சனிக்கிழமைதோறும் பெரிய கூடையோடு வந்து எங்கள் வீட்டு அழுக்குத் துணியை எடுத்துப்போகும் சலவைக்கடை அக்காவின் கண்ணாடிக் கதவிலும் ஒன்று ஒட்டினோம். ராஜா மாதிரி இருக்கிறதே என்று அக்கா மெச்சிக்கொண்டார். கண்ணில் பட்டால் உடனே சொல்வதாகவும் சொன்னார்.

அண்ணன் சொன்னதுபோல நாலு பேர் நின்று பார்த்தார்கள். தொலைபேசியும் அடித்தது. ஒவ்வொரு தடவையும் ஓடினேன். ஒருவர் இந்தப் பூனையை விற்பீர்களா என்று கேட்டார். இன்னொருவர் கண்டுபிடித்தது வெள்ளைப் பூனையாம், பரவாயில்லையா என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்ததும் பென்சிலை எடுத்தேன். என் ஓவியம் ஊரறிந்தது. நான் வரைந்த குதிரையை, மேசை நன்றாக இருக்கிறது என்று பாராட்டியவர் எங்கள் ஆசிரியை. இருந்தாலும் வரைந்தேன். கோணல் வால், கிழிந்த காது, வாயில் ஒற்றைக் காலுறை. பிடிபட்டதும் ‘நான் எடுக்கவே இல்லையே’ என்று முழிக்குமே, அந்த முழியையும் போட்டேன்.

அண்ணன் எட்டிப் பார்த்து, உருளைக்கிழங்குக்கு எப்போது கால் முளைத்தது என்று சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னொரு முறை பார்த்தான்.

“ஆனா இது நம்ம கரிக்கட்டையேதான்,” என்றான்.

ஓட்டமாக ஓடினேன். சலவைக்கடைக் கதவில் பழைய படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தபோதே அக்கா வெளியே வந்தார். என் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“அடிப்பாவி! இந்த முழியைத்தானே ரெண்டு நாளா நான் திட்டிக்கிட்டிருக்கேன்!”

என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனார். பின்னறையில், எங்கள் வீட்டுத் துணி வந்த அதே கூடையில், பதினோரு ஒற்றைக் காலுறைகளின் மேல் கரிக்கட்டை சுருண்டு கிடந்தது. அழுக்குக் காலுறைக்கு ஆசைப்பட்டுக் கூடைக்குள் ஏறியே வந்திருக்கிறது! அக்கா ஏதோ தெருப்பூனை என்று நினைத்துப் பாலும் ஊற்றியிருக்கிறார்.

“கதவுல இருந்த ராஜாவுக்கும் இந்தத் திருடனுக்கும் என்ன சம்பந்தம்னு நான் கண்டேனா?” என்றார். நான் கரிக்கட்டையைக் கட்டிக்கொண்டு அழுதேன், சிரித்தேன், இரண்டையும் ஒன்றாகச் செய்தேன்.

மறுநாள் காலை அண்ணனின் காலுறையில் ஒன்றைக் காணோம். கட்டிலடியிலிருந்து கரிக்கட்டை முழித்தது. அண்ணன் அதைத் துரத்தவில்லை. கணினியை மூடிவிட்டுத் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலைச் சீவினான்.

“அந்த முழியை எப்படிப் போட்ட? எனக்கும் சொல்லிக் கொடு.”