உள்ளானுக்கு ஒரு வரவேற்பு

மதியச் சாப்பாடு முடிந்ததும் சூசைமாணிக்கம் கொஞ்ச நேரம் பறவையாக இருப்பார். அலைமின் நிலையத்தில் ஓய்வு பெற்றவர்களில் பாதிப்பேருக்கு இப்போது இதுதான் பொழுதுபோக்கு. பறவையின் இறகடியில் கடுகளவு உணர்துகள். அவர் காதுக்குப் பின்னால் அதன் ஜோடி. கண் அயர்ந்தால் போதும், அது காண்பதும் பயப்படுவதும் இவருக்குள் வந்துவிடும். திருப்பவோ நிறுத்தவோ முடியாது, கூடவே போகலாம்.

அவருடையது ஓர் உள்ளான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்; ஆனால் சைபீரியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வரும் வைராக்கியம் அதற்கு. பனிக்காற்றில் இவரும் மிதந்தார். நதிகள் கீழே மினுங்கிக்கொண்டே நகர்ந்தன. மனைவி லில்லிபுஷ்பம் காபியோடு எழுப்பும்போது, இந்த உடம்பு ஏன் இத்தனை பாரம் என்று அவருக்கு அலுப்பாக வரும்.

ஆனாலும் ஒரு கவலை விடவில்லை. ஊரை ஒட்டிய வெள்ளாங்கழிச் சேற்றுவெளிக்குப் போன வருடம் வந்தது இந்த ஒரு பறவைதான். இவ்வருடமும் அது இறங்கினால் சரணாலயம்; இல்லையென்றால், விண்கலங்களை ஏற்றும் வான்தூக்கி நிலையம். அரசு கறாராகச் சொல்லிவிட்டது.

உள்ளான் கோதாவரியைக் கடந்ததும் பறவைநேசர் சங்கத்துக்குச் சொன்னார். அந்தச் சங்கம் யாரைத்தான் சும்மா வரவேற்றிருக்கிறது? சேற்றுவெளி நடுவிலேயே பந்தல், வாழைமரம், மேளம். ஒளிப்பதாகையில் செயலாளரின் படம் பெரிதாக, பறவை ஓரத்தில் பொட்டாக.

"ஏங்க, அது சின்ன சீவன். இம்புட்டுச் சத்தம் தாங்குமா?" என்றாள் லில்லிபுஷ்பம்.

"நம்ம வீட்டுப் பிள்ள வருது. சும்மாவா நிக்கிறது?"

மாலையோடு முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடினார்.

கடல் முடிந்தது. பசி. ஈரச்சேற்றின் வாசனை வந்ததும் இருவருக்கும் அப்படியொரு சந்தோஷம். தாழ இறங்கினால், கரையெங்கும் நிறங்கள் அலறின. நடுவில் வாயைப் பிளந்தபடி ஒரு பெரிய மிருகம். குட்டி இதயம் படபடத்தது. சிறகு திரும்பியது. தப்பித்தோமடா சாமி என்று இவருக்கும் மூச்சு வந்தது. இலங்கைக் கரை தெரிந்த பிறகுதான் அந்த மிருகம் யாரென்று உறைத்தது.

விழித்தவரின் கண் நிறைந்திருந்தது. "வந்துச்சு புஷ்பம். என்னையப் பாத்துதான் பயந்து போயிட்டு."

செயலாளர் ஒலிபெருக்கியில் இரங்கல் உரை ஆற்றினார். வரப்போகும் வான்தூக்கி நிலையத்துக்கு உள்ளானின் பெயரையே சூட்ட வேண்டும் என்று அங்கேயே ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். சங்கம் வைத்த கோரிக்கைகளில் அரசு உடனே ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான்.