நவம்பரில் வாரிய உப்பு

ஆகிப் கொடுக்க வேண்டியது எழுபத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய். ஸுல்பிகா அந்தத் தொகையைத்தான் முதலில் சொன்னாள். கதிரையில் உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான்.

"அட்வான்ஸ் காசு, நாநா. அஞ்சு தரம் வாங்கியிருக்கார். இப்ப பாத்தா ஆள் கொண்டந்த சேவைக் கடிதமே பொய்யாம். நாளைக்குப் பொலிசுக்குப் போகவா, விடவா எண்டு தெரியல்ல."

உசனார் தொழில் திணைக்களத்தில் முப்பது வருடம் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்கு ஆள் சேர்க்கிறவர்கள் கடிதங்களின் உண்மை பொய்யைக் கேட்டு அவரிடம் வருவார்கள். அவரை ஏற்றி இறக்குவது ஃபாஹிமின் ஆட்டோ. இளவயதில் உப்பு மூட்டை சுமந்தவன் ஃபாஹிம். சாரதி அனுமதிப்பத்திரத்துக்காக முப்பது வயதில் எழுத்துப் படித்தவன். துப்பு என்றால் சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வருவான்.

"பொய் எண்டு ஆர் சொன்ன?" என்றார் உசனார்.

"என்ட கணக்கப்பிள்ளை மின்ஹாஜ். ஊரில கதையாம்."

புருஷன் மவுத்தாகிப் போனதிலிருந்து உப்பளத்தை ஸுல்பிகாதான் பார்க்கிறாள். மின்ஹாஜ் ஜூன் மாதம் கண்டிப் பக்கத்திலிருந்து வந்தவன். அடுத்த மாதம் ஆகிப் மேற்பார்வையாளராகச் சேர்ந்தார். இது செப்டம்பர்.

அவள் அலுமாரியில் பூட்டி வைத்திருந்த கடதாசிகளைக் கொண்டுவந்திருந்தாள். சேவைக் கடிதத்தில் இப்படி இருந்தது: "ஏழு வருடம் மேற்பார்வையாளர். குறிப்பாக 2019 நவம்பரில் இரவு பகலாக நின்று நாற்பது டன் உப்பு வாருவித்தார்." வேலை விண்ணப்பத்தின் அடியில் சாய்ந்த, அழகான கையெழுத்து. அட்வான்ஸ் பற்றுச்சீட்டு ஐந்திலும் மையில் தோய்த்த பெருவிரல் அடையாளம்.

"கடிதத்தில இருக்கிற நம்பருக்கு எடுத்தீங்களா?"

"எடுத்தேன். தங்கமான ஆள் எண்டாங்க."

"கடிதத்த எழுதினவன்தான் நம்பரையும் எழுதியிருப்பான், தங்கச்சி. நம்பர நாமதான் தேடோணும்."

உப்பளத்தில் ஆகிப் பாத்தி ஓரமாக நின்றார். ஐம்பதை நெருங்கிய மனிதர். உப்பு அரித்த பாதங்கள். உசனார் கடிதத்தை நீட்டினார். ஆகிப் அதைக் கை தூரத்தில் பிடித்து, சட்டைப் பையைத் தடவினார்.

"கண்ணாடி வீட்டில, சேர்."

"சரி. உப்பு எப்படி இருக்கு?"

ஆகிப் குனிந்து ஒரு பிடி அள்ளினார். அதிலிருந்து தலைமயிர் அளவு கறுத்த தூசி ஒன்றை நகத்தால் எடுத்துப் போட்டார். "நாளைக்கு வாரலாம். இண்டைக்கு வாரினா சேறும் சேர்ந்து வரும்."

ஃபாஹிம் அந்த நகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மின்ஹாஜ் காரியாலயத்தில் விசிறிக்குக் கீழே இருந்தான். "அந்தக் கடிதத்த நான் கண்ணாலயும் காணல்ல, சேர். மெடம் வாங்கி அப்படியே அலுமாரியில பூட்டிட்டாங்க. நாற்பது டன் வாரின வீரர் வெளிய நிக்கிறார், அவரையே கேளுங்க."

அங்கிருந்து இருவரும் கடிதத்தில் இருந்த விலாசத்துக்குப் போனார்கள். கல்பிட்டி வீதியில் இருந்த அந்த உப்பளம் கைமாறியிருந்தது. மூட்டை தைத்துக்கொண்டிருந்த நபீலா என்ற பெண் பெயரைக் கேட்டதும் சிரித்தாள்.

"ஆகிப் நாநாவா? மன்னாரிலருந்து வெளிக்கிட்டு வந்த ஆள். பதினெட்டு வருஷம் எங்களோட உப்பு வாரினார். உப்பு அவர்ட சொல்லுக் கேக்கும். மேற்பார்வையா? நாங்க அறுபது பேர். பதிவேட்டில பதினொரு பேர். எங்களுக்குப் பேரே இல்ல, பிறகு பதவியா?"

உசனார் கம்பி வேலிக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது ஃபாஹிம் பொறுக்கமாட்டாமல், "மாமா, கண்ணாடி வீட்டில எண்டு நானும் பத்து வருஷம் சொல்லித் திரிஞ்சவன்தான்" என்றான்.

"தெரியும். பெருவிரலப் பாத்தேன். ஆனா நீ சொன்னாத்தான் எனக்கு நிச்சயம்."

மறுநாள் காலை ஸுல்பிகாவின் காரியாலயத்தில் நால்வரையும் உசனார் இருத்தினார்.

"கடிதம் பொய். ஆனா அத ஆகிப் எழுதல்ல. நவம்பர் அடைமழை மாசம், பாத்தியெல்லாம் வெள்ளம். உப்பு தெரிஞ்சவன் அப்படி எழுதமாட்டான். வாசிக்கத் தெரிஞ்சிருந்தா இவர் அதக் கொண்டந்தும் தந்திருக்கமாட்டார். எழுதினவன் எழுத்துத் தெரிஞ்சவன். இஞ்ச ஒரு மாரியும் காணாதவன்." அவர் மின்ஹாஜின் பக்கம் திரும்பினார். "பூட்டி வச்ச கடிதத்தில நாற்பது டன் எண்டு இருக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும், தம்பி?"

மின்ஹாஜ் விசிறியைப் பார்த்தான். "ஆரோ சொன்ன..."

"நானும் ஸுல்பிகாவும் ஆருக்கும் சொல்லல்ல. ஆகிப், நீங்க சொல்லுங்க."

ஆகிப் தலை குனிந்தார். "கடதாசி இல்லாம எடுக்கமாட்டாங்க எண்டு தம்பிதான் சொன்ன. கடதாசியும் அவர்தான் செஞ்சி தந்த. விண்ணப்பத்தில கையெழுத்தும் அவர்தான் போட்ட. நம்பரும் அவர்ட கூட்டாளியோட நம்பர். பிறகு ரெண்டு கிழமைக்கு ஒருக்கா காசு. அட்வான்ஸ் எண்டு விரல் வைக்கச் சொல்லுவார், காசு அவர்ட மேசை லாச்சியிலயே கிடக்கும். ஆறாந்தரம் மாட்டேன் எண்டேன்."

"அதுக்குப் பிறகுதான் ஊரில கதை" என்றான் ஃபாஹிம்.

மின்ஹாஜ் லாச்சியைத் திறந்து இருபதாயிரத்தை எண்ணி வைத்தான். மீதிக்கு மோட்டார் சைக்கிள் சாவியை மேசையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியேறினான்.

"நானும் பொய்க் கடதாசிதான் தந்த, மெடம்" என்று ஆகிப் எழும்பினார். "நான் போறேன்."

ஸுல்பிகா பற்றுச்சீட்டுகளை ஒன்றாக அடுக்கினாள். "மேற்பார்வை இப்ப தர ஏலாது. பொய் பொய்தானே. உப்பு வார நில்லுங்க. மாரி முடிய யோசிப்போம்."

"நிண்டா பேர எழுதுங்க" என்றார் உசனார். "கல்பிட்டி வீதி உப்பளத்தப் பரிசோதிச்சவன் நான். அறுபது பேர் வேல செய்றதக் கண்டேன். பதினொரு பேர் எண்ட பதிவேட்டில கையெழுத்து வச்சேன். இவருக்கு ஒரு கடதாசி இல்லாமப் போனது அப்படித்தான்."

அவர் எழும்பிப் போய் வெயிலில் நின்ற ஆட்டோவுக்குள் இருந்துகொண்டார்.

ஸுல்பிகா சம்பளப் பதிவேட்டில் ஒரு பெயரை எழுதினாள். பிறகு கடன் பக்கத்தைத் திருப்பி, குறுக்கே கோடு இழுத்து, கீழே ஒரு வரி எழுதி ஆகிப்பின் பக்கம் தள்ளினாள். அவர் கை சட்டைப் பைக்குப் போய், வெறுமையாகத் திரும்பியது.

"எனக்கு வாசிக்கத் தெரியா. என்ன போட்டிருக்கு?"

ஃபாஹிம் குனிந்து, விரல் வைத்து, எழுத்து எழுத்தாக வாசித்தான்.

"எழுபத்தெட்டாயிரத்து நானூறு. ஆகிப் தர வேண்டியது ஒண்டுமில்ல."