வலது விலா

பெரிய வெள்ளி, பிற்பகல் மூன்றே கால். கற்பிட்டிக் கரைக் கோயிலில் சிலுவையில் உதடு பதித்து முத்தி செய்யும் வரிசையில் மெரினாவின் முறை வந்தது. பொலிஸ் சப் இன்ஸ்பெக்டர்தான். இன்று முக்காடு போட்ட ஊர்ப்பிள்ளை. முன்னால் போனவர்கள் பாதத்தை முத்தி செய்து நகர்ந்தார்கள். மெரினாவின் உதடு பழக்கத்தில் சிலுவையிலிருந்த இயேசு சுரூபத்தின் வலது விலாவுக்குப் போனது. காயத்தைக் காணோம். வெறும் மரம்!

"சுவாமி, இது எங்கட சிலுவை இல்லை!" என்று குருவானவரிடம் கத்தினாள்.

கோயில் கொந்தளித்தது. தவக்காலத்துக்காக இரண்டு கிழமை ஊதாத் துணியில் மூடிக் கிடந்து, இன்றுதான் திறந்த பழைய சிலுவை. கோயில் சாவி கோயிற்பணியாளர் மரியநாயகத்திடம் மட்டும். போதாதா? கோயில் மூப்பர் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். "நான் எடுக்கேல்ல" என்று அந்த மனுசன் அழுதது யார் காதிலும் ஏறவில்லை. கள்ளன் என்ற பெயரோடு இந்தக் கரையில் எப்படி வாழ்வார்?

"கையை எடுங்க மூப்பர். ஒருத்தரும் வெளிய போகக்கூடாது."

போலியை உற்றுப் பார்த்தாள். முகம், முள்முடி, கால் விரல் எல்லாம் அச்சொட்டு. காயம் மட்டும் இடப்பக்கம். வலப்பக்கம் சாய வேண்டிய தலையும் இடப்பக்கம்.

"சுவாமி, ஈட்டி எந்தப் பக்கம் குத்தினது எண்டு வேதத்தில இருக்கா?"

"இல்லை. யோவான் விலா எண்டு மட்டும்தான் எழுதினார். ஆனா எசேக்கியேல் கண்ட காட்சியில தேவாலயத்தின் வலப்பக்கத்தால தண்ணி ஓடுது. அந்தத் தேவாலயம் இயேசுதான் எண்டு பழங்காலத்தில வாசிச்சாங்க. பிறகு சிலை செய்தவங்களும் காயத்தை வலப்பக்கமே வச்சாங்க."

"அப்ப சிலை செய்யிறவன் தெரியாமல் மாத்தமாட்டான். கண்டதை அப்படியே செய்திருக்கிறான்!"

வாசலுக்கு ஓடினாள். கோயில் வேலைக்கு ஒத்தாசை செய்யும் கெவினின் ஆட்டோ நின்றது. சிலுவையைப் படம் பிடிக்கக்கூடாதென்ற ஊர்க் கட்டுப்பாட்டை மீறி, போன திருவிழாவில் அவன் எடுத்த செல்ஃபி அதன் முதுகில் பெரிதாக ஒட்டியிருந்தது. அவன் சட்டை எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறிக் கிடந்தது. ஊரே அதைக் கேலி செய்யும். அப்பால் கடற்கரை. பெரிய வெள்ளியில் யாரும் தொழிலுக்குப் போகாத ஊர், எல்லாப் படகும் எஞ்சின் கழற்றி மணலில். கெவினின் படகில் மட்டும் எஞ்சின் பூட்டியிருந்தது.

மூன்று ஐம்பது. கெவினை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"கெவின், சிலுவைக்குத் துணி சுத்தினது ஆர்?"

"நான்தான் அக்கா."

"எங்க?"

"உள்ளறையில."

"தனியவா?"

"ஓம்... தனியத்தான்."

"அங்கதான் மாத்தினாய். பூட்டின கோயிலுக்குள்ள துணிக்குள்ள இருந்ததே போலி. உனக்குச் சாவி தேவைப்படேல்ல. ஊரில சிலுவைப் படம் உன்னட்ட மட்டும்தான். செல்ஃபி வலத்தை இடமாக்கிப் போட்டுது. ஒவ்வொரு நாளும் அதையே பார்த்த உனக்குப் பிழையும் தெரியேல்ல. கடலில ஒருத்தரும் இல்லாத இண்டைக்குக் கொண்டுபோகத்தான் எஞ்சின் பூட்டி வச்சிருக்கிறாய். படகில வலையைக் கிளறட்டா?"

கெவின் தரையில் குந்திவிட்டான். "பழஞ்சாமான் வாங்கிற ஒருத்தன் ஆசை காட்டினான் அக்கா..."

வலைக்கு அடியிலிருந்து சிலுவை வந்தபோது சனம் கதறியது. மூப்பர் தலை குனிந்து நின்றார். கெவினின் கையைப் பிடித்துக்கொண்டு மெரினா ஜீப்பை நோக்கித் திரும்ப, மரியநாயகம் குறுக்கே வந்தார். சட்டைப் பொத்தான் அறுந்திருந்தது. கண் இன்னும் காயவில்லை.

"பொறு பிள்ளை. இவன் முத்தி செய்திட்டுப் போகட்டும். இண்டைக்குச் சிலுவையில இருந்தவர் மோட்சத்துக்கு முதல்ல கூட்டிக்கொண்டு போனது ஒரு கள்ளனைத்தானே."

மெரினா கையை விட்டாள்.