லைன் கட் ஆகவேயில்லை!

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!

கம்ப்ளெய்ன்ட் போன் அலறிக்கொண்டிருந்தது.

யாரும் எடுக்கவில்லை. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்தக் குட்டி இன்டர்நெட் கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்தே போன் அடிப்பதும், அதை யாரும் எடுக்காததும்தான் அங்கே வழக்கம்.

ஆனால் இன்றைக்கு நியாயமான காரணம் ஒன்று இருந்தது.

ஆபீஸில் இருந்த ஒரே ஆள் செத்துக் கிடந்தார்!

டீ குடித்துவிட்டு வந்த கம்ப்ளெய்ன்ட் பெண் மெஷின் ரூம் கதவைத் தள்ளினாள். பச்சை விளக்குகள் கண்சிமிட்டும் இரும்பு அலமாரி. ஏ.சி. ஒழுகுவதற்கு வைத்த பக்கெட். சாய்ந்து கிடந்த ஏணி. அதன் பக்கத்தில் கம்பெனியின் பார்ட்னர் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம்...

"வீ...ல்!"

கொஞ்ச நேரத்தில் எம்.டி. காரில் வந்து இறங்கினார்.

"ஐயோ! என் உடன்பிறப்பே! என்னை விட்டுட்டுப் போயிட்டியேடா!"

கொன்றவரே அவர்தான். இதைக் கடைசிப் பக்கம்வரை ஒளித்து வைக்கலாம். ஆனால் அந்த அழுகையைப் பார்த்தால் பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கர்ச்சீப்பை மட்டும் பிழிகிறார்!

இரண்டு பேரும் சேர்ந்துதான் ஆரம்பித்தார்கள். சைக்கிள் கடை மாடியில் ஒரே ஒரு அறை. பார்ட்னர் கம்பம் கம்பமாக ஏறி கேபிள் இழுத்தார். இவர் விசிட்டிங் கார்டு அடித்தார். 'எம்.டி.' என்று கொட்டை எழுத்தில்! அதற்கப்புறம் இவர் செய்த ஒரே வேலை, ஒரு தெருவுக்குப் போதுமான நெட்டைப் பெரிய கம்பெனியிடம் வாங்கி, ஊர் முழுக்கப் பிய்த்து விற்றதுதான்.

நேற்று பார்ட்னர் சொன்னார்.

"ஜனங்க காறித் துப்புறாங்க. நம்மால முடியல. பெரிய கம்பெனிகிட்டயே ஒப்படைச்சுடலாம். நாளன்னைக்கு கையெழுத்து."

"அப்போ நான்?"

"நீ என்ன... வீட்ல இரு."

வீட்டில்! மனைவிகூட மதிக்காத வீட்டில்! அந்த விசிட்டிங் கார்டை விட்டால் இவரை நாய்கூட சீண்டாது. அது அவருக்கே தெரியும். அதனால்தான் ஸ்பேனரை எடுத்தார்.

ஆனால் முட்டாள்தனமாக எடுக்கவில்லை. பக்காவான பிளான்... என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்!

இன்ஸ்பெக்டர் பிணத்தைச் சுற்றி வந்தார். பின்னாலேயே எம்.டி.யின் மச்சினன் வால் பிடித்துக்கொண்டு நடந்தான். கம்பெனியின் லைன்மேன். அக்கா புருஷன் தயவில் வேலை. மூளை மட்டும் யார் தயவிலும் கிடைக்கவில்லை.

"ஏணியிலேர்ந்து விழுந்துட்டார் சார்," என்றார் எம்.டி.

"குப்புற விழுந்தவருக்கு மண்டையில பின்னால எப்படி சார் அடிபடும்?"

எம்.டி. ஏணியை முறைத்தார்.

"பின்கதவு சாவி யார்கிட்ட இருக்கு?"

"அவர்கிட்ட ஒண்ணு... என்கிட்ட ஒண்ணு..."

"சாயங்காலம் நீங்க எங்கே இருந்தீங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார்! எம்.டி. நெஞ்சை நிமிர்த்தினார்.

"வீட்ல! அடுக்குமாடிக் குடியிருப்புக்காரங்களோட வீடியோ மீட்டிங். நூறு பேர் என் முகத்தைப் பார்த்துட்டு இருந்தாங்க சார்! ஆரம்பத்துலேர்ந்து முடியற வரைக்கும்!"

"என்ன மீட்டிங்?"

"சும்மா... நெட் பத்தி... பாராட்டுக் கூட்டம் மாதிரி..."

பச்சைப் பொய்! திட்டுவதற்கென்றே கூட்டிய கூட்டம் அது. அங்கேதான் எம்.டி.யின் சாமர்த்தியம். திட்டு வாங்குகிறவன் வாயைத் திறக்க வேண்டாமே! தலையாட்டினால் போதும்!

முந்தின நாளே ஹாலில் உட்கார்ந்து, நன்றாகத் தலையாட்டி, நடுநடுவே நெஞ்சில் கைவைத்து வருத்தப்பட்டு, வீடியோ எடுத்து வைத்துக்கொண்டார். வீட்டில் ஓடவிட்டால் மனைவி எட்டிப் பார்ப்பாள். அதனால் காரை ஆபீஸ் பின்சந்தில் நிறுத்தினார். லேப்டாப்பை மொபைல் நெட்டில் இணைத்தார். மீட்டிங்கில் தன் முகத்துக்குப் பதில் அந்த வீடியோவை ஓடவிட்டார். உள்ளே போனார்... முடித்தார்... வந்துவிட்டார்!

தன் கம்பெனி லைனை நம்பவில்லை. நடுவில் அறுந்து தொலைத்தால் கழுத்துக்கே ஆபத்து!

"எந்த லைன்ல மீட்டிங்ல இருந்தீங்க?"

இன்ஸ்பெக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார். வாசலில் கம்ப்ளெய்ன்ட் பெண்ணும் பத்திருபது வாடிக்கையாளர்களும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எம்.டி.க்கு விளம்பர புத்தி விட்டுப் போகுமா?

"நம்ம லைன்தான் சார்! தங்கமான லைன்!"

இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

"நான் அந்தக் குடியிருப்புலதான் இருக்கேன் எம்.டி. சார்."

"எ... என்னது?"

"மூணாவது மாடி. ரெண்டு வருஷமா உங்க வாடிக்கையாளர். மீட்டிங்லயும் இருந்தேன். கேமராவை மூடிட்டு, ஓரமா."

எம்.டி. மறுபடி கர்ச்சீப்பை எடுத்தார்.

"செகரெட்டரி பேசும்போது பாதியிலயே காணாம போனார். என் வீட்டம்மா உங்களைத் திட்ட வாயைத் திறந்தா, திறந்த வாய் அப்படியே நிக்குது! நான் எத்தனை தடவை வெளியே விழுந்து உள்ளே வந்தேன்னு எனக்கே ஞாபகமில்ல. உங்க லைன்ல இருந்த அத்தனை பேரும் விழுந்து எழுந்தோம்..."

இன்ஸ்பெக்டர் கிட்டே வந்தார்.

"நீங்க ஒருத்தர் மட்டும் கண்ணாடி மாதிரி தெரிஞ்சீங்க. ஒரு தடவைகூட நிக்கல! நடுங்கல! உங்க லைன்ல அது நடக்குமா சார்?"

"நடக்காது!" என்றது வாசல் கூட்டம், ஒரே குரலில்.

எம்.டி. முழி பிதுங்க நின்றார். ஒரே ஒரு வழிதான் இருந்தது. கேவலமான வழி. ஆனால் தூக்குக் கயிற்றைவிடப் பரவாயில்லை.

"சார்... அது வந்து... எங்க வீட்ல..."

"சத்தமா!"

"எங்க வீட்ல எதிர்க்கம்பெனி லைன் சார்!"

கூட்டம் கொதித்துப் போனது. அப்புறம் காதில் விழுந்ததெல்லாம் அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகள்!

"அடப்பாவி! எங்களுக்கு மட்டும் இந்தக் குப்பையா?"

எம்.டி. தலையைத் தொங்கப் போட்டார். மானம் போனாலும் உயிர் தப்பியது என்று உள்ளுக்குள் நிம்மதி.

அப்போதுதான் மச்சினன் வாயைத் திறந்தான்.

"மாமா! உங்க வீட்ல அவனுங்க லைனா? அக்கா சொல்லவே இல்லையே!"

"நீ சும்மா இருடா!"

"இல்ல மாமா... அவனுங்க கேபிளைத் தெருத்தெருவா போய் வெட்டிட்டு வாடான்னு நீங்கதானே சொன்னீங்க! அப்பத்தான் அவனுங்க ஆளுங்க நம்மகிட்ட வருவாங்கன்னு! இன்னிக்குக் காலைல உங்க வீட்டுத் தெருவைத்தான் வெட்டினேன்! ரெண்டு எடத்துல! ஒட்டவே முடியாது அவனுங்களால!"

பாராட்டு எதிர்பார்த்து அவன் பல்லைக் காட்டினான்.

"அறிவுகெட்டவனே...!" எம்.டி.யின் குரல் கீச்சிட்டது.

"ஆக, உங்க லைன் வேலை செய்யாது. அவங்க லைன் இல்லவே இல்ல," என்றார் இன்ஸ்பெக்டர். "மிச்சம் மொபைல் நெட்தான். அது எந்த டவர்ல ஓடிச்சுன்னு கேட்டா சொல்லிடுவாங்க. உங்க வீட்டு டவரா... இல்ல, இந்த ஆபீஸ் டவரா?"

எம்.டி.க்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கார் சாவியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்தாலே போதாதா? இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார்.

கான்ஸ்டபிள் காரிலிருந்து லேப்டாப்போடு வந்தார். மூடியைத் திறந்ததும் திரை விழித்துக்கொண்டது. வீடியோ விட்ட இடத்திலிருந்து ஓடியது.

திரையில் எம்.டி. சொந்த ஹாலில் பவ்யமாக உட்கார்ந்திருந்தார்.

"நான் ஒண்ணும் பண்ணல சார்! அபாண்டம்! நான் கொல்லல!" இங்கே நின்ற எம்.டி. கத்தினார்.

இன்ஸ்பெக்டர் அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. லேப்டாப் பக்கம் குனிந்தார்.

"நீங்க சொல்லுங்க சார்... பார்ட்னரைக் கொன்னது நீங்கதானே?"

திரையில் இருந்த எம்.டி. ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். நெஞ்சில் கைவைத்து வருத்தமும் பட்டார்!

மச்சினன் வாய் பிளந்தான்.

இங்கே நின்றவரின் கையில் விலங்கைப் பூட்டினார் இன்ஸ்பெக்டர்.

"உங்க கம்பெனியில, கேட்ட உடனே பதில் சொல்ற ஒரே ஆள் இவர்தான் சார்!"