அப்பாவின் டயர் தடம்

"இதே டயர்தான் வேணும். இதே கட்டை, இதே பள்ளம். வேற எதையும் எடுத்துக் காட்டாதீங்க."

போபோ நகரத்துப் பழைய ரயில் நிலையத்துக்கு எதிரே, டயர் கடை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திய வேகத்திலேயே ரோசலி சொல்லிவிட்டாள். மாமரங்களுக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வருஷத்தின் முதல் மழை இன்றோ நாளையோ...

கடைக்காரன் நிமிர்ந்தான். ஒடிசலான உயரம். கண்கள் மட்டும்... அப்பப்பா! ஏதோ குறும்பு செய்துவிட்டு, மாட்டாமல் தப்பித்தவனின் கண்கள். டயர் வாங்க வந்தவளுக்குக் கடைக்காரன் கண்ணில் என்ன வேலை என்று ரோசலி தன்னையே கடிந்துகொண்டாள்.

அவன் அவளைப் பார்த்ததைவிட வண்டியைத்தான் அதிக நேரம் பார்த்தான்.

"பேரு என்னங்க?"

"ரோசலி மில்லோகோ."

"மில்லோகோவா!" முகம் மலர்ந்தது. 'நீங்க' அந்த நொடியே காற்றில் பறந்தது. "அட, போபோக்காரி! சோள பீர் குடிச்சுட்டு வந்தியா, இனிமேதானா?"

"உன் பேரு?"

"பூரேமா சிதிபே."

"பூலானியா? அதான் கடை முழுக்கப் பால் நாத்தம்!"

போபோ இனத்துக்காரர்களும் மாடு மேய்க்கும் பூலானி இனத்துக்காரர்களும் சந்தித்தால் இப்படித்தான். வாய்க்கு வந்தபடி வாரிக்கொள்ளலாம். கோபம் மட்டும் வரக் கூடாது. வந்தால், வந்தவருக்குத்தான் அவமானம். பாட்டன் பூட்டன் காலத்து ஏற்பாடு.

பூரேமா குனிந்து டயரின் ஓரத்தைக் கட்டை விரலால் வருடினான். மயிரிழை மயிரிழையாய் வெடிப்புகள்.

"எத்தனை வருஷம் ஓடாம நின்னுச்சு?"

"ஆறு. அப்பா போனதிலேர்ந்து போர்வைக்குள்ளதான் இருந்துச்சு. எனக்கு ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை கிடைச்சதும் வெளிய எடுத்தேன்."

"எந்த ரோட்டுல ஓட்டுற?"

"வீடு, ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி, வீடு. முழுக்கத் தார் ரோடு."

"அப்ப இந்தக் கட்டைப் பல்லு டயர் உனக்கு ஆகாது. இது சேத்துல போறவங்களுக்கு. ஈரத் தார்ல வழுக்கி விட்டுரும். இந்தா, இதைப் பாரு... நெளிநெளியா வாய்க்கால் வெட்டியிருக்கா? தண்ணி ஒதுங்கி ஓடிரும். உன் வண்டிக்கு அளவும் சரி."

"மாட்டுக் குளம்பைத் தவிர உனக்கு என்னடா தெரியும்?" என்றாள் ரோசலி. அவன் வாருகிறான் என்றே நினைத்தாள். அப்போதுதான் மேல் தட்டில், தூசிக்கு நடுவே, அவள் தேடிய அதே கட்டை டயர் கண்ணில் பட்டது. "அதோ! அதான்! எடு அதை!"

அவன் எடுத்தான். ஓரத்தில் பதிந்திருந்த நாலு இலக்கத்தைத் துடைத்துக் காட்டினான்.

"முதல் ரெண்டும் செஞ்ச வாரம், அடுத்த ரெண்டும் வருஷம். பத்து வருஷத்துக்கு முந்தினது. ஒரு நாள்கூட ஓடாமலே இறுகிப்போச்சு. இதை உனக்கு விக்க மாட்டேன்."

கேலியின் மிச்சம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை.

"விளையாடாதே. எடுத்து மாட்டு."

"விக்க மாட்டேன்னா விக்க மாட்டேன், போபோக்காரி."

சுர்ரென்று ஏறிவிட்டது அவளுக்கு. "இது எங்கப்பா வண்டி! இதுக்கு என்ன போடணும்னு சொல்ல நீ யாரு?"

பக்கத்துக் கடையில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். போபோக்காரி ஒருத்தி பூலானிக்காரன்மேல் நிஜமாகவே கோபப்பட்டுவிட்டாள்! ரோசலிக்குக் காது மடல் சுட்டது. வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அவனுக்கு எப்படித் தெரியும்? வீட்டு முற்றத்துச் செம்மணலை அம்மா தினமும் சாயங்காலம் கூட்டி வைப்பாள். பொழுது சாய்கிற நேரத்தில் அப்பா வருவார்... ஊர் ஊராய்த் தடுப்பூசி போட்டுவிட்டு. கேட்டிலிருந்து மாமரம் வரைக்கும் அந்தக் கட்டைக் கட்டையான தடம் பதியும். பக்கத்து வீட்டில் விளையாடிவிட்டு வரும் சின்ன ரோசலி முதலில் மணலைத்தான் பார்ப்பாள். தடம் இருந்தால் அப்பா வந்தாச்சு! ஆறு வருஷத்துக்குப் பிறகு அவள் முதன்முதலில் வண்டியை வெளியே எடுத்த அன்று, அம்மா அந்தத் தடத்தைப் பார்த்தபடி துடைப்பத்தோடு நின்றாள். இருட்டும்வரை கூட்டவே இல்லை. டயரை மாற்றினால் அந்தத் தடமும் போய்விடும். அப்பாவை இன்னொரு முறை அனுப்பி வைப்பதுபோல்... முடியுமா அவளால்?

வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. வேலை முடிந்து வந்தவள் ரயில் நிலையத்துத் திருப்பத்தில் வண்டியைச் சாய்த்தாள். அவ்வளவுதான்... பின் சக்கரம் தன் பாட்டுக்கு ஒரு பக்கம் போனது. அடுத்த கணம் ரோசலி தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். முழங்கை சிராய்ப்பு. முன் விளக்குக் கண்ணாடி நொறுங்கியிருந்தது.

விழுந்ததுதான் விழுந்தாள், அவன் கடைக்கு நேர் எதிரிலா விழ வேண்டும்!

கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். இதோ ஆரம்பிப்பான். ஊரிலுள்ள பூலானிக்காரர்களுக்கெல்லாம் ஒரு மாசத்துக்குச் சிரிப்புக்குப் பஞ்சமில்லை...

"அடி பட்டுச்சா? கையை மடக்கு. விரலை அசை."

மழையில் நனைந்தபடி அவன் மண்டியிட்டிருந்தான். இமைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நர்ஸு நானு. எனக்குத் தெரியும்," என்றாள். அப்புறம் மெதுவாக, "ஏன் சிரிக்கல?"

"வரல..."

"போபோக்காரி விழுந்ததைப் பார்த்துட்டுப் பூலானிக்காரன் சிரிக்கலைன்னா ஊரு என்ன சொல்லும்?"

"சொல்லட்டும்."

அந்த ஒற்றைச் சொல்லில் அவள் நெஞ்சு எங்கேயோ இடறியது.

அவன் வண்டியை நிமிர்த்தி உதைத்தான். கிளம்பவில்லை. இன்னொரு உதை. ம்ஹூம். மூன்றாவது உதைக்கு முன்னால் டேங்கை இரண்டு தட்டுத் தட்டி முணுமுணுத்தான்: "எந்திரிடி மகாராணி, புள்ளைங்க காத்துக்கிட்டிருக்கு..."

ரோசலி அப்படியே நின்றுவிட்டாள். அது அப்பாவின் தட்டு. அப்பாவின் வார்த்தை.

ஆறு வருஷத்துக்கு முன், சாவு வீடு. வழக்கப்படி கேலிமுறைப் பூலானிக்காரர்கள் வந்து செத்தவர் மாதிரியே நடித்துக் காட்டினார்கள். அரும்பு மீசைக்காரன் ஒருத்தன், அப்பாவின் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, இல்லாத வண்டியை இதே மாதிரி உதைத்தான், தட்டினான், கெஞ்சினான். மூன்று நாளாய் அழுகை வராமல் கல்லாய் இருந்த ரோசலி வெடித்துச் சிரித்தாள். சிரிப்போடு சிரிப்பாய் அழுகையும் வந்தது.

"அது... நீயா?"

"உங்கப்பா எங்க கடைக்குத்தான் பஞ்சர் ஒட்ட வருவாரு. நல்ல மனுஷன்." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அன்னைக்கு நீ சிரிச்ச பாரு... ஆறு வருஷமா காதுல இருக்கு. வண்டியைப் பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு. அவரு பொண்ணுக்கு அந்தக் கெட்டுப்போன டயரை நான் எப்படி விப்பேன்?"

கடைக்குள் ஒதுங்கி நின்று, முற்றத்து மணலைப் பற்றி அவள் சொன்னாள். இதுவரை அம்மாவிடம்கூடச் சொல்லாதது. அவன் ஒரு கேலிகூடப் பேசாமல் கேட்டான்.

"மாத்திரு. ரெண்டையும் மாத்திரு," என்று முடித்தாள். குரல் உடைந்தது.

நெளி டயர்கள் ஏறின. கழற்றிய பழையவற்றை அவள் ஒரு முறை தொட்டுப் பார்த்தாள்.

"இது இங்கேயே கிடக்கட்டும்," என்றான்.

"எதுக்கு?"

"மாட்டுக்கு வளையல் போட."

அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலுக்குப் போய் வந்து, ரோசலி முற்றத்தில் மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட் பக்கம் அம்மாவின் குரல்: "பால்காரன் வந்திருக்கான்டி! மாட்டைக் காணோம், ஆளு மட்டும் வந்திருக்கு!"

"மாடெல்லாம் உங்களைப் பார்த்துப் பயந்து ஓடிருச்சு அத்தை!" என்றபடி பூரேமா கேட்டோரமாகவே நின்றான். கையில் துணிப் பொட்டலம்.

பிரித்தாள். தோல் செருப்பு. திருப்பிப் பார்த்தாள்... அடியில் கட்டை கட்டையாய், பள்ளம் பள்ளமாய்... அப்பாவின் டயர்! ஓரத்து வெடிப்பையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, நல்ல பட்டையை மட்டும் வைத்துத் தைத்திருந்தான்.

ரோசலி போட்டுக்கொண்டாள். மாமரத்திலிருந்து கேட் வரைக்கும் நடந்தாள். திரும்பினாள். மணலில் அப்பாவின் தடம். கண் நிறைந்து எல்லாம் கலங்கலாய்த் தெரிந்தது.

"ரோசலி..." குரல் தாழ்ந்து வந்தது. "உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு."

பழக்கதோஷம்! அவள் வாய் முந்திக்கொண்டது. "பால்ல தண்ணி ஊத்துறவன் பேச்சை எவ நம்புவா?"

அவன் சிரிக்கவில்லை. அன்று மழையில் சிரிக்காத அதே முகம். பதிலுக்கு வாரவும் இல்லை.

"தெரியும்," என்றாள் அவள், மெல்ல. "அன்னைக்கு நீ சிரிக்காதப்பவே தெரிஞ்சுக்கிட்டேன். எனக்கும்தான்... எனக்கும் பிடிச்சிருக்கு."

பேச்சை மாற்ற வேண்டியிருந்தது. கன்னம் அப்படிச் சுட்டது. "ஆமா, இது ஒரு டயர்தானே? இன்னொண்ணு எங்க?"

பூரேமாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. தயங்கித் தயங்கி ஒரு காலைத் தூக்கிக் காட்டினான். அவன் செருப்புக்கு அடியிலும் அதே கட்டை, அதே பள்ளம்.

"முன் டயர் உனக்கு. பின்னாடியே வர்றது நானு."

கேட்டிலிருந்து மாமரம் வரைக்கும் அவளோடு நடந்தான்.

சாயங்காலம் அம்மா வழக்கம்போல் துடைப்பத்தோடு வந்தாள். மணலில் சின்னதும் பெரிதுமாய் இரண்டு ஜோடித் தடங்கள் மாமரம் வரை ஒன்றாய்ப் போயிருந்தன. ரோசலி ஓடிவந்து துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு வேண்டாம்மா... அப்படியே இருக்கட்டும்."